ஆம்பூரில் ஒரு ராத்திரி

உங்கள் வீட்டில் பத்து வயதுப் பெண் குழந்தை இருக்கிறதா? இருந்தால் இன்றோ நாளையோ அது உங்கள் முன்னால் வந்து நின்று, தாவணி கட்டாத குறையாக வெட்கப்பட்டுக்கொண்டு, "அம்மா, சனிக்கிழமை ராத்திரி என் சிநேகிதி வீட்டில் படுத்துக்கட்டுமா?" என்று கேட்கப் போகிறது. அதற்கு நீங்கள் பதில் யோசித்து முடிப்பதற்குள், "இல்லேன்னா அவங்க அஞ்சு பேரும் நம்ம வீட்டுக்கு வரட்டுமா?" என்று அடுத்த வெடியையும் போடும். இதற்கு 'ஸ்லீப் ஓவர்' என்று பெயர். பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் இது பழைய சமாசாரம். ஆம்பூருக்கும் வந்துவிட்டது என்பதுதான் இந்த வாரச் செய்தி.

பிள்ளைகள் கூட்டமாகப் படுத்து உறங்குவது நமக்குப் புதிதா என்ன? கோடை விடுமுறையில் தாத்தா வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஜமக்காளத்தில் பதினைந்து பேர் உருண்டவர்கள்தானே நாம்! ஆனால் அந்தப் பதினைந்து பேரும் சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள். உறவு என்ற ஒரு பெரிய போர்வை எல்லார்மேலும் கிடந்தது. ஒரே வகுப்பில் படிக்கிறாள் என்பதைத் தவிர வேறு பந்தம் இல்லாத வீட்டுக்குப் பெண்ணை ராத்திரி அனுப்புவது என்றால், அம்மாமார்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும்.

நான் ஆம்பூருக்குப் போனது இதற்காக அல்ல. தோல் தொழிலைப் பற்றி எழுதிக்கொண்டு வரும்படி ஆசிரியர் அனுப்பியிருந்தார். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதி அங்கே ஒரு பூட்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் மேல்பாகங்களில் தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற உத்தியோகம். அவள் கணவர், பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர். "சனிக்கிழமை வர்றியா? அல்லா காப்பாத்தினான்! எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்டி" என்றாள் போனில். எதற்கு என்று அவள் சொல்லவில்லை; நானும் கேட்காமல் ஒப்புக்கொண்டேன்.

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, வேலூரில் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு, கோட்டை அகழியை ஒரு சுற்றுப் பார்த்தேன். விருந்தாளி என்று வந்து ராத்திரி தங்குகிறவர்களைப் பற்றி இந்தக் கோட்டைக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. திப்பு சுல்தானின் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் இங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 9ஆம் தேதி திப்புவின் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்ற பெயரில் பலர் கோட்டைக்குள் கூடினார்கள் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். மறுநாள் விடிவதற்குள் சிப்பாய்ப் புரட்சி வெடித்துவிட்டது. அந்தக் காலத்துக் கோட்டை அதிகாரிக்கு நம் வீட்டு அம்மாமார்களின் ஜாக்கிரதை இருந்திருந்தால், "யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்?" என்று முதலிலேயே கேட்டிருப்பார்!

வேலூரிலிருந்து மேற்கே பெங்களூர்ச் சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோ மீட்டர் ஆம்பூர். வழியில் பள்ளிகொண்டா. பாலாற்றங்கரையில் ரங்கநாதர் சௌகரியமாகச் சயனித்திருக்கும் ஊர். பெருமாள் படுத்துக்கொண்டதால் ஊருக்கே அந்தப் பெயர். அடுத்து மாதனூர். அதைத் தாண்டியதும் இடப்பக்கமும் வலப்பக்கமும் மலைகள் நெருங்கி வருகின்றன. நடுவில் பாலாறு. ஆறு என்பது மரியாதைக்கு; பெரும்பாலான மாதங்களில் மணலும் முள்ளும்தான்.

ஆம்பூரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் தெரிந்துகொள்ளலாம். ஒரு திருப்பத்தில் பிரியாணி மணம். அடுத்த திருப்பத்தில் தோல் ஊறும் வாடை. மயிரை நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சேர்க்கும் கந்தக ரசாயனத்தின் வாடை அது. முதல் கால் மணி நேரம் கைக்குட்டை தேவைப்பட்டது. பிறகு மறந்துவிட்டது. ஊர்க்காரர்களிடம் வாடையைப் பற்றிக் கேட்டால், "எந்த வாடை?" என்று உண்மையாகவே கேட்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சிநேகிதியின் பெண்ணுக்குப் பத்து வயது நிறைகிறது. கேக்கு வேண்டாம், பட்டுப் பாவாடை வேண்டாம், ஐந்து சிநேகிதிகள் ராத்திரி வந்து தங்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சத்தியாக்கிரகம். "சரின்னு சொல்லிட்டேன். சொன்ன நிமிஷத்திலேருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றாள் என் சிநேகிதி.

போனில் வந்த கேள்விகளை நான் காதால் கேட்டேன். "வீட்டில் யார் யார் ஆம்பிளைங்க?" என்பது முதல் கேள்வி. எல்லா அம்மாக்களும் கேட்டார்கள். சுற்றி வளைத்துக் கேட்டவர்களும் உண்டு. பட்டென்று கேட்டவளும் உண்டு. பட்டென்று கேட்டவளைத்தான் என் சிநேகிதிக்குப் பிடித்திருந்தது. "நானாயிருந்தாலும் அதைத்தான் முதல்ல கேட்டிருப்பேன்" என்றாள். குழந்தைகளின் பாதுகாப்புக்கென்று 2012இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது, 1098 என்று கூப்பிட ஓர் எண் இருக்கிறது. அதெல்லாம் சரிதான், ஆனால் தாய் தன் கேள்வியைத் தானே கேட்டாக வேண்டும். சிநேகிதியின் கணவர் அன்று மாலையே ஒரு லுங்கியையும் பல் துலக்கும் பிரஷையும் பையில் போட்டுக்கொண்டு தம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "என் வீட்டிலிருந்து என்னையே நாடு கடத்தறாங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தவர்கள் என் சிநேகிதி, அவள் தாயார் நானி, நான். அதற்காகத்தான் 'ஒத்தாசை'!

அடுத்த கேள்வி சாப்பாடு. ஆம்பூரில் சாப்பாடு சாதாரண விஷயமல்ல. 2022 மே மாதம் இங்கே அரசாங்கமே நடத்துவதாக இருந்த பிரியாணித் திருவிழா, எந்த இறைச்சிக்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்ற சர்ச்சையில் சிக்கித் தள்ளிவைக்கப்பட்டது. பெரியவர்கள் தீர்க்க முடியாத அந்த வழக்கை என் சிநேகிதி மூன்று பாத்திரங்களில் தீர்த்தாள். ஐந்து பெண்களில் ஒருத்தி, மூக்குக் கண்ணாடிக்காரி, சுத்த சைவம். அவளுக்காகக் கடையிலிருந்து ஒரு புதுப் பாத்திரம். இறைச்சி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அதில் காய்கறிச் சாதம் தயார். இரண்டாவதில் கோழி பிரியாணி. மூன்றாவதில் எண்ணெய்க் கத்தரிக்காய். கத்தரிக்காய் சாமானியமானதல்ல. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்; புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் குத்தினால் அசல் சரக்கு என்று அர்த்தம். எனக்கு இரண்டு முறை குத்தியது.

ஆம்பூர் பிரியாணியின் ரகசியத்தைக் கேட்காமல் வந்தால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். மிளகாய்த் தூள் கிடையாது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேர்க்கிறார்கள். அரிசி சீரகச் சம்பா. அரிசியைத் தனியே முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்து, பிறகு மசாலாவோடு சேர்த்து மூடி, மேலும் கீழும் தணலில் 'தம்' போடுகிறார்கள். வாசனைச் சாமான் குறைவு. "மசாலா தூக்கலா இருந்தா அது பிரியாணி இல்லை, மருந்து" என்பது நானியின் தீர்ப்பு.

மாலை ஆறு மணிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பெயர்களை நான் எழுதப் போவதில்லை. இரட்டையர் இருவர், மூக்குக் கண்ணாடிக்காரி, ஒரு வாயாடி, கடைசியாக, ரெட்டைப்பின்னல் போட்ட ஒரு அமைதியான பெண். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பை, ஒரு தலையணை, ஒரு தண்ணீர் பாட்டில்.

தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பதைப் பற்றி நம் நாட்டுக்கு ஒரு நீண்ட, வெட்கக்கேடான கதை இருக்கிறதே! சிநேகிதியின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "இந்த ஊர்ல யார் வீட்டுக்கு யார் போனாலும் பாட்டிலோடதான் போவோம். நாங்களும் அப்படித்தான். கேன் தண்ணி ஆளுக்கு ஒரு கம்பெனி."

அப்போதுதான் நானி பாலாற்றைப் பற்றிப் பேசினார். அவர் சிறுமியாக இருந்தபோது மணலில் முழங்கை ஆழம் கையால் தோண்டினால் போதுமாம். ஊற்று சுரந்து, கண்ணாடி மாதிரி தண்ணீர் நிற்குமாம். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் பிடிக்கும். 1970களில், பாதி பதனிட்ட தோலைக் கப்பலேற்றுவதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்து, முழுக்கப் பதனிட்ட தோலுக்கும் பூட்ஸ், செருப்புக்கும் ஊக்கம் கொடுத்தது. குரோமிய உப்பு ஓங்கியது. வேலை நாட்கணக்கில் முடிந்தது. ஊரில் தொழிற்சாலைகள் எழும்பின. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மாதச் சம்பளம் வாங்கினார்கள். கழிவு நீர் மட்டும் ஆற்றுக்கும் நிலத்துக்கும் போயிற்று. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்ற கணக்கை அதில் எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30இல் மறுபடியும் அதே நீதிமன்றம் நிவாரணத்துக்கும் ஆற்றைச் சீர்செய்யக் குழு அமைப்பதற்கும் உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால், நடுவில் போன இருபத்தெட்டு வருஷத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூக்குக் கண்ணாடிக்காரியின் பாட்டில் ஆற்றுக்காக வந்ததா, ஆசாரத்துக்காக வந்ததா? நான் கேட்கவில்லை. தண்ணீரோடு ஒரு தூக்கில் தயிர்ச்சாதமும் வந்திருந்தது. புதுப் பாத்திரத்தைக் காட்டி, என் சிநேகிதியே அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கத்தரிக்காய் மட்டும் சாப்பிடட்டும்" என்று பதில் வந்தது. பெண் தயிர்ச்சாதத்துக்கு அந்தக் கத்தரிக்காயைத் தொட்டுக்கொண்டு, மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். புதுப் பாத்திரத்துச் சாதம் எனக்கு வந்து சேர்ந்தது. நஷ்டமில்லை.

மொட்டை மாடியில் படுக்கை என்பது திட்டம். ஐப்பசி மாதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையிலேயே ஒன்பதரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்து நின்றார் வாயாடியின் அப்பா. அவள் பாட்டியின் உத்தரவு அப்படி: ஒன்பதரை வரை விளையாடலாம், படுக்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அமெரிக்காவில் இப்போது சில பெற்றோர்கள் இதே ஏற்பாட்டைச் செய்து, அதற்கு ஒரு புதுப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆம்பூர்ப் பாட்டி அதை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை!

வாயாடியைக் காணோம். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, குளியலறையில், எங்கும் இல்லை. கடைசியில் நானியின் தொளதொளத்த புர்க்காவுக்குள் இரண்டு கூடுதல் கால்கள் தெரிந்தன. அப்பா போனில் பாட்டியைக் கூப்பிட்டார். பாட்டி, பெண்ணை விட்டுவிட்டு மழையைப் பற்றி விசாரித்தார். "நனைச்சுக்கிட்டு கூட்டிட்டு வராதே. சளி பிடிக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்பா ஒரு தம்ளர் டீ குடித்துவிட்டு, தாம் மட்டும் நனைந்துகொண்டு திரும்பினார்.

கூடத்தில் ஆறு கோரைப்பாய்களைச் சுவர் ஓரமாக வரிசையாய் விரித்தோம். அந்தாட்சரி, பல்லாங்குழி, பேய்க்கதை என்று சாஸ்திரப்படி எல்லாம் நடந்தது. பேய்க்கதை நானியுடையது. பயந்தது நான்தான்.

பத்தே முக்காலுக்கு மறுபடியும் போன். ரெட்டைப்பின்னலின் அம்மா. அவள் வேறொரு தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்காருகிறவள். என் சிநேகிதி பேசவில்லை, "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "பாய்களை நடுக் கூடத்துக்கு இழுக்கணும். சுவர் ஓரம் வேண்டாமாம்."

அவர்கள் பேரணாம்பட்டுக்காரர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் பல வருஷங்களாகக் காணாத வெள்ளம் வந்தது. அந்த மாதம் 19ஆம் தேதி காலை, பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு ஒன்று இடிந்து விழுந்து ஒன்பது பேர் மாண்டார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். மழைக்குப் பயந்து, பத்திரமான இடம் என்று அங்கே வந்து ராத்திரி படுத்திருந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களில் உண்டு. பத்திரமான இடம் என்றுதான் யாரும் யாரையும் கூப்பிடுகிறார்கள். அப்படித்தான் யாரும் போகிறார்கள். ரெட்டைப்பின்னல் குடும்பத்துக்கு அதில் உறவினர் யாரும் இல்லை. ஆனால் அதே ஊர், அதே மழை. குழந்தைக்கு அப்போது ஆறு வயது. மறு வருஷமே ஆம்பூருக்குக் குடிவந்துவிட்டார்கள்.

"முதல்லயே சொல்லியிருந்தா?" என்றேன்.

"சொன்னா நான் வேண்டாம்னு சொல்லிடுவேனோன்னு பயந்திருப்பா. பொண்ணு அவ்வளவு ஆசையா இருந்திருக்கு."

நாங்கள் இருவரும் கூடத்துக்குப் போனோம். பெண்களிடம் என்ன சொல்வது? என் சிநேகிதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எல்லாரும் எழுந்திருங்க! வரிசையா படுத்தா பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு. தலை எல்லாம் நடுவுல, கால் எல்லாம் வெளியில, பூ மாதிரி படுங்க பார்ப்போம்!" ஆறும் கூச்சலிட்டுக்கொண்டு பாய்களை இழுத்தன. நிமிஷத்தில் கூடத்தின் நடுவே ஆறு இதழ்ப் பூ ஒன்று மலர்ந்துவிட்டது. ரெட்டைப்பின்னல் மட்டும் படுப்பதற்கு முன் சுவரைப் பார்த்தாள். பிறகு மேலே கூரையைப் பார்த்தாள். பிறகு என் சிநேகிதியைப் பார்த்தாள். "இது காங்கிரீட்டா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"காங்கிரீட்டுதாம்மா. உங்க அங்கிள் பக்கத்துல நின்னு கட்டினது. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கப் போறேன்."

அவள் சொன்னபடியே செய்தாள். ஒரு நாற்காலியைப் போட்டு வாசற்படியோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணிக்கு நான் விழித்தபோது மொட்டை மாடிக்குப் போய் நீர் வடிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலை நனைந்து இறங்கி வந்தாள். மூன்று மணிக்குப் பார்த்தேன். தொழிற்சாலையில் பூட்ஸ் எண்ணுகிற மாதிரி விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மற்றவர் பிள்ளைகளைத் தன் கூரையின் கீழ் வாங்கிக்கொண்ட ஒருத்தி எப்படி விழித்திருக்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தன் பெண் ஒருத்தி மட்டும் படுத்திருக்கும் ராத்திரிகளில் அவள் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். விடுதி நாட்களிலிருந்து எனக்குத் தெரியும்.

இன்னொரு சமாசாரமும் இருக்கிறது. சாயங்காலம் ஓர் அம்மா, பெண் உள்ளே ஓடிய பிறகு, என் சிநேகிதியைத் தனியே அழைத்து ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தாள். பிரித்தால் ரப்பர் விரிப்பு. "சில நாள்... தூக்கத்துல... தெரிஞ்சா அவளுக்கு மானம் போயிடும்" என்றாள். நான்கு அம்மாக்களில் யார் என்று சொல்ல மாட்டேன்; நம் பத்திரிகை ஆம்பூரிலும் விற்பனையாகிறது! என் சிநேகிதி அந்த விரிப்பைப் பாய்க்கும் படுக்கை விரிப்புக்கும் நடுவில் மறைத்துப் போட்டிருந்தாள். பாய்களை நடுவுக்கு இழுத்த அமர்க்களத்தில் அது எந்தப் பாயோடு போயிற்று என்று எங்கள் இருவருக்குமே தெரியாமல் போய்விட்டது!

விடியற்காலை ஐந்தரைக்கு மழை நின்றிருந்தது. வாசலில் யாரோ நிற்பது தெரிந்து கதவைத் திறந்தேன். ரெட்டைப்பின்னலின் அம்மா. ஒன்பது மணிக்கு வரவேண்டியவள். குடை கையில், கண்கள் சிவந்திருந்தன. உள்ளே வரச் சொன்னேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். ஆறு இதழும் கலைந்து, யார் கால் யார்மேல் என்று தெரியாமல் கிடந்தன. அவள் பெண் வாயாடியின் தலையணையில் தலைவைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா எழுப்பவில்லை. என் சிநேகிதி கொடுத்த டீயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள்.

"நீங்க தூங்கலையா?" என்று கேட்டாள் அவள்.

"நீங்க?" என்றாள் இவள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எட்டு மணிக்குள் ஒரே இரைச்சல். இட்லி, பிரஷ் காணோம், ரிப்பன் காணோம். ஆளுக்கு ஒரு டப்பாவில் ஆற்காட்டு மக்கன் பேடா கொடுத்து அனுப்பினாள் என் சிநேகிதி. "அடுத்த மாசம் எங்க வீட்டுல" என்று ரெட்டைப்பின்னல் எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டாள். அவள் அம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள், பிறகு, "பொங்கல் கழியட்டும்டி. மழைக்காலம் போகட்டும்" என்றாள்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் என் துண்டை எடுக்க மொட்டை மாடிக்கு ஏறினேன். நல்ல வெயில். கொடியில் ஆறு படுக்கை விரிப்புகளும் ஒரே மாதிரி துவைத்து, ஒரே மாதிரி பிழிந்து, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எது யாருடையது என்று பார்த்தால் தெரியாது. ரப்பர் விரிப்பு நானியின் புர்க்காவுக்கு அடியில் தொங்கிற்று.